இரண்டு வாசலும் தெரிகிற இடம்

என் கணவர் 1987 அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் இருந்தார். மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் ஒரு பட்டாலியன், அதில் சிப்பாய். எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். மகள் கைக்குழந்தை. நான் காரைக்குடியில் ஒரு ஆரம்பப் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்திருந்தேன், மாமியாரோடு செக்காலைப் பக்கம் வாடகை வீட்டில் குடியிருந்தேன்.

அந்த வருஷம் ஜூலை 29 ஆம் தேதி ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதன்படி அமைதி காக்க முதலில் போன நம் படையை யாழ்ப்பாணத்து மக்கள் மாலை போட்டு வரவேற்றதைப் பத்திரிகைப் படங்களில் பார்த்தோம். இவருடைய பட்டாலியன் போய்ச் சேரும்போது மாலைகள் வாடிவிட்டன. அக்டோபர் இரண்டாம் வாரத்தில் புலிகளோடு சண்டை தொடங்கியது. அவருடைய முதல் இன்லாண்டு லெட்டரில், ‘இங்கேயும் பனைமரம்தான், இங்கேயும் முருகன் கோவில்தான், நம்ம பக்கம் மாதிரியே இருக்கு’ என்று எழுதியிருந்தார். அதற்கடுத்த கடிதங்கள் இரண்டு வரிக்குள் முடிந்தன. நலம், நலமறிய ஆவல், குழந்தையைப் பார்த்துக்கொள். மீதி நீலத்தாள் வெறுமையாக வரும். மாமியாருக்குப் படிக்கத் தெரியாது. “இம்புட்டுத்தானாத்தா எழுதியிருக்கான்?” என்று காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

சிவகங்கைச் சீமையில் பட்டாளத்துக்குப் போவது புதிதல்ல. எங்கள் ஊர்களில் வீட்டுக்கு ஒருவர் ராணுவத்தில் இருந்திருப்பார். பாகிஸ்தான் போருக்குப் போனவர்கள் திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்வார்கள், பையன்கள் வாய் பிளந்து கேட்பார்கள். யாழ்ப்பாணம் போனவர்கள் எவரும் எந்தத் திண்ணையிலும் கதை சொல்லி நான் கேட்டதில்லை.

அதற்குக் காரணம் இருக்கிறது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் போர்முழக்கம் தமிழில் அமைந்தது. ‘வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு.’ நீலகிரியில் வெலிங்டன் முகாமில் பயிற்சி எடுக்கும்போதே தொண்டை கிழியக் கத்தக் கற்றுக்கொடுப்பார்கள். வடக்கே எல்லையில் எதிரில் நிற்பவனுக்கு அது வெறும் சத்தம். யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு வீட்டு அடுப்படியிலும் இருந்தவர்களுக்கு அதன் அர்த்தம் புரிந்தது. தமிழ் தெரிந்தவர் என்பதால் இவரைத்தான் முன்னால் நிறுத்துவார்களாம். வீடு வீடாகக் கதவைத் தட்டி, உள்ளே இருப்பவர்களை வெளியே வரச் சொல்வது, விசாரிப்பது, அதிகாரிக்கு அரைகுறை இந்தியில் எடுத்துச் சொல்வது எல்லாம் இவர் வேலை.

1989 இல் அவருடைய பட்டாலியன் திரும்பியது. லீவில் வீட்டுக்கு வந்தவரை வாசலில் ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்தோம். ஆளில் பெரிய மாற்றம் இல்லை, கொஞ்சம் இளைத்திருந்தார். நாலைந்து நாளில்தான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. தெருவுக்கு முதுகைக் காட்டி உட்காரமாட்டார். கட்டிலில் படுக்காமல், கதவை ஒட்டித் தரையில் பாயை விரித்துப் படுப்பார். இரவில் எழுந்து தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பார், மறுபடியும் தொட்டுப் பார்ப்பார். குக்கர் விசில் அடித்தால் சோற்றிலிருந்து கையை எடுத்துவிடுவார். குழாய் போடுவதற்காகத் தெருவில் பள்ளம் தோண்டி மூடியிருந்தார்கள். புதுமண் கிளறிக் கிடந்த அந்த இடத்தில் அவர் கால் வைக்கவேயில்லை. கண்ணிவெடி புதைத்த மண் அப்படித்தான் இருக்கும் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத் தெரிந்தது. கடைக்குப் போகத் தார் ரோட்டின் நடுவிலேயே நடந்து ஊரைச் சுற்றிக்கொண்டு போவார்.

எல்லாவற்றையும்விட என்னை வதைத்தது, மகளைத் தூக்கமாட்டார் என்பது. “அப்பா” என்று அவள் ஓடி வந்து காலைப் பிடித்தால் மரம் மாதிரி நிற்பார். மெல்லக் குனிந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விடுவார். ஒரு நாளும் அவளைத் திட்டியதில்லை, என் மேல் கை நீட்டியதில்லை. ரம் பாட்டிலைக் கேன்டீனிலிருந்து வாங்கி வருவார், தனியாகக் குடிப்பார், சத்தமில்லாமல் படுத்துவிடுவார். கோபப்பட்டுக் கத்துகிற புருஷனிடம் பதிலுக்குக் கத்தலாம். பக்கத்தில் இருந்தும் இல்லாதவரிடம் என்ன செய்ய முடியும்?

ஊர் பேசியது. சிலோனில் வேறு குடும்பம் வைத்திருக்கிறார் என்றார்கள். காத்துக் கருப்பு தொட்டுவிட்டது என்றார்கள். மாமியார் கோடாங்கி பார்த்தார். உடுக்கைச் சத்தம் ஏற ஏற இவருடைய கைகள் நடுங்கின. நடுவிலேயே எழுந்து வெளியே போய்விட்டார். “அயலூரு ஆவி ஒண்ணு கூடவே வந்திருக்கு” என்றார் கோடாங்கி. அந்த வார்த்தையில் ஓர் உண்மை இருந்தது என்றே இன்றும் நினைக்கிறேன்.

நாட்டு நிலைமையும் அவருடைய வாயை அடைத்தது. 1990 மார்ச் 24 இல் கடைசித் துருப்புகள் திருகோணமலையை விட்டுக் கிளம்பின. திரும்பிய படையைச் சென்னையில் வரவேற்க முதல்வர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படை என்ற எண்ணம் மாநிலம் முழுக்க இருந்தது. டீக்கடையில் அதைப் பேசும்போது இவர் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து வருவார். அடுத்த வருஷம் மே 21, ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியைப் புலிகள் கொன்றார்கள். அதன்பிறகு அதே கடையில் அதே ஆட்கள் அவரைத் தோளில் தட்டி, “நீங்க அன்னைக்கே அவங்கள ஒழிச்சிருக்கணும் மிலிட்டரி” என்றார்கள். அப்போதும் எழுந்து வந்துவிட்டார். இந்தியச் சிப்பாய்கள் சுமார் 1,200 பேர் அங்கே செத்தார்கள். மக்கள் எத்தனை பேர் என்பதற்கு ஒழுங்கான கணக்கை எவரும் எடுக்கவில்லை. கொலைகாரன் என்பதற்கும் வீரன் என்பதற்கும் நடுவில் அவர் நிற்பதற்கு ஓர் இடத்தை இந்த ஊர் கொடுக்கவேயில்லை.

1995 இல் பதினேழு வருஷ சர்வீஸ் முடிந்து பென்ஷனில் வந்தார். வங்கியில் செக்யூரிட்டி வேலை கிடைத்தது. கூட்டம் தாங்காமல் விட்டுவிட்டார். பிறகு கோட்டையூரில் ஒரு நகரத்தார் வீட்டுக்குக் காவலாளாகப் போனார். அந்த வேலை அவரைப் பிழைக்க வைத்தது.

செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முகப்பு ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படிக்கட்டு என்று நீண்டுகொண்டே போகும். நிலைகள் எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும். கதவுகளைத் திறந்து வைத்தால் முகப்பில் நிற்பவருக்குக் கடைசி வாசலின் வெளிச்சம் தெரியும். வீட்டுக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்தார்கள். முன்னோர் படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் வருவார்கள். மீதி நாளெல்லாம் பர்மாத் தேக்குத் தூண்களும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் இவரும்தான். வளவு ஓரத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் பாயைப் போட்டிருந்தார். அங்கிருந்து பார்த்தால் முன்வாசலும் தெரிந்தது, பின்வாசலும் தெரிந்தது. முதுகுக்குச் சுவர். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு நான் சாயங்காலம் போனால், அந்த இடத்தில் அவர் கண்ணயர்ந்து கிடப்பதைப் பார்ப்பேன். எங்கள் வீட்டில் அப்படி அவர் தூங்கி நான் பார்த்ததில்லை.

படைப்புக்கு வந்த வீட்டு ஆச்சி, எண்பது வயதிருக்கும், என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். “உன் வீட்டுக்காரரு ஏன் பேசமாட்டேங்குறாருன்னு நீ கவலைப்படாதத்தா. எங்க அப்பச்சி பர்மாவுலேருந்து நடந்தே வந்தாக. வந்த பெறகு பேச்சுக் கொறஞ்சு போச்சு. தெனமும் அரிசி மூட்டைய எண்ணிப் பாப்பாக. எங்க ஆத்தா ஒண்ணும் கேக்கமாட்டாக, கூடப்போய் நின்னு எண்ணுவாக.” 1941 டிசம்பரில் ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு லட்சக்கணக்கான இந்தியர்கள் காடு மலை தாண்டி நடந்து வந்தார்கள். வழியில் செத்தவர்கள் எத்தனையோ ஆயிரம். செட்டிநாட்டில் அந்த நடைபயணத்தை இழந்த சொத்துக் கணக்காகத்தான் பேசுவார்கள். நடந்து வந்தவர்களின் மனது என்ன ஆனது என்று அந்த ஆச்சி ஒருவர் சொல்லித்தான் கேட்டேன்.

கூடப்போய் நின்று எண்ணுவது என்ற அந்த யோசனையைப் பிடித்துக்கொண்டேன். இரவில் அவர் தாழ்ப்பாளைப் பார்க்க எழுந்தால் நானும் எழுந்து, “முன்கதவு போட்டாச்சு, பின்கதவு போட்டாச்சு” என்று சொல்வேன். ஏன் எழுந்தீர்கள் என்று கேட்பதில்லை. குக்கர் வைத்தால், “விசில் வரப்போகுது” என்று முன்கூட்டிக் குரல் கொடுப்பேன். பின்னாலிருந்து போய்த் தொடுவதில்லை. தூக்கத்தில் முனகினால் கையால் உலுக்காமல், தள்ளி நின்று பேர் சொல்லாமல், “என்னங்க, காரைக்குடிலதான் இருக்கோம்” என்று சொல்வேன். இதெல்லாம் சின்ன விஷயங்கள். பலன் உடனே வரவில்லை. ஆனால் அவர் என்னை விட்டு விலகிப்போகும் தூரம் கொஞ்சம் குறைந்தது.

ஒரு மழைக்காலத்து ராத்திரி, கோட்டையூர் வீட்டில் கரண்ட் போய்விட்டது. அரிக்கேன் விளக்கைக் கொளுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவராகவே பேசினார். 1987 தீபாவளி சமயம். நல்லூர்க் கந்தசாமி கோவிலில் ஆயிரக்கணக்கான சனம் தஞ்சம் புகுந்திருந்தது. அங்கே போகாமல் வீட்டிலேயே தங்கிவிட்ட ஒரு கிழவியின் கதவை இவர் தட்டியிருக்கிறார். கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும்படி தமிழில் சொல்லியிருக்கிறார். கிழவி வந்து இவர் முகத்தையே பார்த்தாராம். “தம்பி, நீங்களும் தமிழோ? அப்ப ஏன் சுடுறியள்?” என்று கேட்டாராம். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை. “எங்க அப்பத்தா மாதிரியே இருந்துச்சு புள்ள அந்தக் கெழவி” என்றார். பிறகு எழுந்து பின்வாசல் வரை நடந்து போய்விட்டு வந்தார்.

அந்தத் தீபாவளி நாளில், அக்டோபர் 21 இல், யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் புகுந்த நம் படையினர் மருத்துவர்களும் தாதியரும் நோயாளிகளுமாக அறுபது பேருக்கு மேல் சுட்டுக் கொன்றார்கள். அதை நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். என் கணவர் அங்கே இல்லை, வேறொரு பகுதியில் இருந்தார். இருந்தாலும் இதைச் சொல்லாமல் என் வீட்டுத் துயரத்தை மட்டும் எழுதினால் அது நியாயமாகாது. செத்தவர்களின் வீட்டிலும் பேச்சற்றுப்போன புருஷன்கள், பிள்ளையைத் தூக்க முடியாத தாய்கள் இருந்திருப்பார்கள்.

இருந்தார்கள். எங்கள் மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் முகாம்கள் உண்டு. முகாம் பிள்ளைகள் என் வகுப்பில் படித்தார்கள். ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் ஒரு பையன் பெஞ்சுக்கு அடியில் போய்விடுவான். அவன் தாயை அழைத்துப் பேசினேன். “ஓம் டீச்சர், இவர்ட தேப்பனும் உப்பிடித்தான். ஒருத்தரோடையும் கதைக்க மாட்டார்” என்றார். எனக்குக் கையெல்லாம் சில்லிட்டுவிட்டது. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் எழுதிய ‘மனவடு’ என்ற தமிழ்ப் புத்தகத்தைப் பற்றி அந்தத் தாய்தான் முதலில் சொன்னார். போர் நடந்துகொண்டிருந்தபோதே அங்கே இருந்து வைத்தியம் பார்த்தவர் அந்த டாக்டர். ஆங்கிலத்தில் அவர் எழுதிய விரிவான நூல் 1998 இல் வந்தது. என் கணவருடைய துப்பாக்கிக்கு எதிர்ப்பக்கம் நின்ற மக்களைப் பரிசோதித்து ஒரு மருத்துவர் எழுதியது என் கணவருக்கு வரிக்கு வரி பொருந்தியது. கெட்ட கனவு, திடுக்கிடல், நினைவைக் கிளறும் இடத்தையும் ஆளையும் தவிர்ப்பது, அன்பு உட்பட எந்த உணர்ச்சியும் தட்டாமல் மரத்துப்போவது. விலகல் ஒரு நோய்க்குறி. அது என் மேலுள்ள வெறுப்பும் இல்லை, வேறொரு பெண்ணும் இல்லை என்று அச்சில் பார்த்தேன்.

முதல் உலகப் போரில் பீரங்கிக் குண்டின் அதிர்ச்சியால் வருவது என்று நினைத்து இதை ஷெல் ஷாக் என்றார்கள். வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் போராடிய பிறகு, 1980 இல்தான் பிடிஎஸ்டி என்ற பெயரில் மருத்துவர்களின் கையேட்டில் ஏறியது. அதாவது என் கணவர் யாழ்ப்பாணம் போவதற்கு ஏழு வருஷம் முன்பே இந்த நோய்க்குப் பெயரும் இருந்தது, விளக்கமும் இருந்தது. எங்கள் வீட்டுக்கு அது வந்துசேரத்தான் அவ்வளவு காலம் பிடித்தது.

முன்னாள் ராணுவத்தினருக்கான ஈசிஹெச்எஸ் மருத்துவத் திட்டம் 2003 இல் வந்தது. அதற்கப்புறம் மதுரையில் ஒரு மனநல மருத்துவரிடம் போனோம். போக மறுத்தவர், “தூக்கத்துக்கு மட்டும் மருந்து கேட்போம்” என்றதும் வந்தார். டாக்டர் பொறுமைசாலி. ஆபத்து முடிந்துவிட்டது என்பதை மூளை ஏற்க மறுக்கிறது, எச்சரிக்கை மணி நிற்காமல் அடிக்கிறது, அந்தச் சத்தத்தைத் தாங்க முடியாமல்தான் மனுஷன் எல்லாவற்றிலிருந்தும் ஒதுங்குகிறான் என்று விளக்கினார். மாத்திரை பிடிக்கச் சில வாரமாகும், நடுவில் நிறுத்தாதீர்கள், ரம்மை விடுங்கள் என்றார். நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசவைக்கும் சிகிச்சைதான் முக்கியம் என்றார். கனவுகள் குறைந்தன. முழுக்கப் போகவில்லை.

போகாதது தீபாவளி. ஐப்பசி பிறந்தாலே அவருக்கு முகம் இறுகிவிடும். பட்டாசுச் சத்தமும் அந்த நாளும் ஒன்றாக வந்து மோதும். என்னோடு வேலை பார்த்த டீச்சருக்குத் திருப்பத்தூருக்குப் பக்கம் கொள்ளுகுடிப்பட்டி சொந்த ஊர். “எங்க ஊருக்கு வாங்க டீச்சர், ஒரு ஓலைப்பட்டாசுகூட வெடிக்கமாட்டாங்க” என்றார். உண்மைதான். வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் அங்கேதான் இருக்கிறது. 1977 இல் அறிவித்த இடம், மூன்று கண்மாய்களும் சேர்த்து 38.4 ஹெக்டேர். மழை தொடங்கியதும் நத்தைகொத்தி நாரை, சாம்பல் நாரை, அரிவாள்மூக்கன் எல்லாம் வந்து கருவேல மரங்களில் கூடு கட்டும். குஞ்சுகள் பயப்படும் என்று அந்த மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. கோவில் திருவிழாவிலும் வேட்டுக் கிடையாது. சட்டம் சொல்லி வந்த வழக்கம் அல்ல அது, ஊரே எடுத்துக்கொண்ட முடிவு.

தீபாவளிக்கு அங்கே போனோம். விடிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்தார். கண்மாய்க்கரையில் டீச்சரின் அண்ணன் மகன் ஒவ்வொரு பறவையாகக் காட்டி, “மாமா, அந்தா பாருங்க பாம்புத்தாரா” என்றான். இவர் திரும்பத் திரும்பப் பெயர் கேட்டுக்கொண்டார். இட்லியும் கறிக்குழம்பும் சாப்பிட்டுவிட்டு வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டு, தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்துத் தூங்கிவிட்டார். மகள் என்னைப் பார்த்தாள். அவளுக்கு அப்போது கல்லூரிப் படிப்பு முடிகிற வயசு. அப்பா அப்படிப் படுத்து அவள் பார்த்ததே இல்லை. அதிலிருந்து எங்களுக்குத் தீபாவளி என்றால் கொள்ளுகுடிப்பட்டிதான். மகளின் குழந்தையை இப்போது அவர் தூக்குகிறார். அவனாகக் கை நீட்டினால் தூக்குவார். நாம் கொண்டுபோய்க் கையில் கொடுத்தால் இன்னும் தயங்குகிறார். அதையும் நாங்கள் பழகிக்கொண்டோம்.

இதைப் படிக்கும் பெண்களில் கார்கிலுக்கும் காஷ்மீருக்கும் போய்வந்தவர்களின் மனைவிகள் இருப்பீர்கள். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்கள் வீட்டுக்காரர் கதவோரம் படுக்கிறார், பிள்ளைகளிடம் ஒட்டமாட்டேன் என்கிறார் என்றால் கோடாங்கியிடம் போகாதீர்கள், ஊர்ப்பேச்சைக் கேட்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குக் காசில்லாமல் கூப்பிடலாம், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். ராணுவத்தினருக்காகவே புனேயில் 2023 டிசம்பர் முதல் தனிப்பிரிவு இருக்கிறது. அவர் பேச மறுத்தால் நீங்கள் பேசுங்கள், என்ன செய்வது என்று உங்களுக்கும் சொல்வார்கள்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் பட்டாளத்திலிருந்து வந்தவர் இருந்தாலும், முகாமிலிருந்து வந்த குடும்பம் இருந்தாலும், சரவெடியைக் கொளுத்துவதற்கு முன்னால் அந்த வீட்டு வாசலுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்து கொளுத்துங்கள்.